எங்கள் படிக்கட்டில் யாருக்கும் குளியலறை வேண்டாம்

எங்கள் வீட்டுச் சங்கத்தின் கூட்டக் குறிப்பேடுகள் இப்போது என்னிடம்தான் இருக்கின்றன. 1978 முதல் 1988 வரை பதினோரு வருடக் குறிப்புகளிலும் ஆறாவது விஷயம் ஒன்றேதான்: முதல் படிக்கட்டில் குளியலறை அமைப்பது. அதன் கீழே ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய ஒரே வரி: "குடியிருப்போர் யாரும் விரும்பவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம்." படிக்கிறவர்கள் எங்களைக் குளிக்கப் பிடிக்காத கூட்டம் என்று நினைக்கலாம். உண்மையில் அந்தப் பதினோரு வருடமும் கோபன்ஹேகனில் எங்களைப் போல அடிக்கடி குளித்தவர்கள் வேறு யாரும் இருந்திருக்க முடியாது.

இது ஹெர்டிஸ் க்விஸ்டின் கதை. முதல் மாடி, இடப்பக்கத்து வீடு. நான் மூன்றாம் மாடி. பெயர் பியார்னே, குழாய் வேலை செய்து பிழைத்தவன். எங்கள் கட்டடத்தில் மூன்று படிக்கட்டுகள், ஒவ்வொரு படிக்கட்டையும் சுற்றிப் பத்து வீடுகள். ஆகவே "எங்கள் படிக்கட்டு" என்று சொன்னால் அது முதல் படிக்கட்டின் பத்துக் குடும்பம்.

அப்போது எங்கள் பேட்டையான வெஸ்டர்ப்ரோவில் இருந்த வீடுகளுக்கெல்லாம் சமையலறையில் ஒரு பச்சைத்தண்ணீர்க் குழாய், திரும்பினால் முழங்கை இடிக்கும் ஒரு கழிப்பறை, அறையைச் சூடாக்க ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. குளிக்க வேண்டுமென்றால் துண்டைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு தெரு நடந்து நகராட்சிக் குளியல்கூடத்துக்குப் போக வேண்டும். பதினெட்டு ஷவர் அறைகள், ஆறு தொட்டிகள். சீட்டு வாங்கினால் சாவி தருவார்கள். மறந்து பையில் போட்டுக்கொண்டு போய்விடாமல் இருக்க அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு மரக்கட்டை கோத்திருக்கும். இருபது நிமிடம் நம்முடையது. பதினைந்தாவது நிமிடம் கதவில் மூன்று தட்டு விழும்.

"அஞ்சு நிமிஷம்!"

அந்தக் குரல் ஹெர்டிஸுடையது. இருபத்துநாலு வயதில் அங்கே வேலைக்குச் சேர்ந்தாள். பருத்த உடம்பு, வெந்நீரிலேயே ஊறிச் சிவந்த முன்கைகள், மூன்றாவது அறையில் இருப்பவனுக்குச் சொல்வது பதினெட்டாவது அறைக்கும் கேட்கும் தொண்டை. முதுகு எட்டாத கிழவிகளுக்கு முதுகு தேய்த்துவிடுவாள். அது அவள் வேலையில் சேராது. யாரும் கேட்கவும் மாட்டார்கள். கதவைத் திறந்து தலையை நீட்டி, "திரும்பு," என்பாள்.

ஊரில் யாருக்கு வேலை இருக்கிறது, யாருக்குப் போய்விட்டது என்பது தொழிலாளர் அலுவலகத்துக்கு முன்னாலேயே அவளுக்குத் தெரிந்துவிடும். வேலையில் இருப்பவன் சனிக்கிழமை மதியம் குளிக்க வருவான். வேலை போனவன் முதல் மாதம் விடாப்பிடியாகச் சனிக்கிழமையே வருவான். இரண்டாம் மாதம் செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு, தெரிந்தவர்கள் கண்ணில் படாத நேரத்தில் வருவான். கப்பல் பட்டறை ஆட்களைக் குறைத்த வருடங்களில் செவ்வாய்க்கிழமை காலையில் வாசல்வரை வரிசை நின்றது. ஒரு செவ்வாய்க்கிழமை அந்த வரிசையில் அவள் கணவன் ஏகோனும் நின்றான். இருபத்தோரு வருடம் பட்டறையில் வெல்டிங் செய்தவன். வேலை போனதை வீட்டில் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அவன் கண்டுபிடித்த வழி அது. ஹெர்டிஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். மற்றவர்களுக்குப் போலவே ஒரு சீட்டைக் கிழித்துச் சாவியோடு கொடுத்தாள். "அடுத்த ஆள்," என்றாள். மீதியை வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

செவ்வாய்க்கிழமைக்காரர்களுக்கு மட்டும் அவளுடைய பதினைந்தாவது நிமிடம் இருபத்தைந்தாவது நிமிடத்தில்தான் வரும். எனக்கு நன்றாகத் தெரியும். எண்பதாம் வருடத்தில் ஏழு மாதம் நானும் செவ்வாய்க்கிழமைக்காரன்.

குளியலறைப் பேச்சு தொடங்கியது எழுபத்தெட்டில். பழைய வீடுகளைச் சீர்செய்ய அரசாங்கம் பாதிச் செலவைத் தருவதாக அறிவித்தது. எங்கள் கட்டடத்தில் ஒவ்வொரு முன்படிக்கட்டுக்கும் பின்னால், சமையலறைப் பக்கம் இன்னொரு குறுகலான படிக்கட்டு உண்டு. ஒரு காலத்தில் நிலக்கரி சுமந்து ஏறிய வழி. அதை எடுத்துவிட்டால் அந்த இடத்தில் மாடிக்கு மாடி இரண்டு சின்னக் குளியலறைகள் கட்டலாம். ஆனால் தண்ணீர் ஏறுவதும் கழிவு இறங்குவதும் ஒரே குழாய்த் தடத்தில்தான். பத்து வீட்டில் ஒரு வீடு வேண்டாமென்றாலும் குழாய் அந்த மாடியில் நின்றுவிடும். ஆகவே ஒரு படிக்கட்டில் எல்லோரும் சரி என்றால் உண்டு, இல்லையென்றால் யாருக்கும் இல்லை.

கூட்டத்துக்கு முந்திய வாரம் நாங்கள் நாலைந்து பேர் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தோம். ஹெர்டிஸ் விளக்குமாற்றில் சாய்ந்துகொண்டு சொன்னாள்: "நகராட்சியில புதுசா ஒரு கணக்கு போட்டிருக்காங்க. வாரத்துக்கு இருநூறு பேருக்குக் கீழ வந்தா கூடத்தை மூடிடுவாங்களாம். போன வாரம் இருநூத்திப் பத்தொன்பது. மூடிட்டா நான் உங்க வீட்டு நாயைத்தான் குளிப்பாட்டணும்."

எல்லோரும் சிரித்தோம். நான் குப்பை வாளியைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறும்போது கணக்குப் போட்டேன். எங்கள் படிக்கட்டில் குளிக்கப் போகிறவர்கள் இருபத்திரண்டு பேர். இருநூற்றுப் பத்தொன்பதில் இருபத்திரண்டு போனால் நூற்றுத் தொண்ணூற்றேழு. மற்ற இரண்டு படிக்கட்டிலும் ஏறக்குறைய எல்லோரும் ஏற்கெனவே வேலை செய்யும் இடத்தில் குளித்துவிட்டு வருகிறவர்கள். அவர்களால் பெரிய மாற்றம் இல்லை. மூடுவதும் மூடாததும் எங்கள் கையில். மேலே போய் என் மனைவி ரிக்கேயிடம் சொன்னேன். அவள் அடுப்பைப் பார்த்தபடி, "நூத்தித் தொண்ணூத்தேழு. நான் அப்பவே போட்டுட்டேன்," என்றாள்.

படிக்கட்டில் எல்லோரும் போட்டிருந்தார்கள். யாரும் யாரிடமும் சொல்லவில்லை.

கூட்டம் நிலவறையில், சைக்கிள்களை ஓரமாகத் தள்ளிவிட்டு. தலைவர் தோர்கில், இரண்டாம் படிக்கட்டுக்காரர், பள்ளி ஆசிரியர். அவர் குளியலறைத் திட்டத்தைப் படம் போட்டு விளக்கினார். இரண்டாம், மூன்றாம் படிக்கட்டுக்காரர்கள் கை தூக்கினார்கள். பிறகு எங்கள் முறை வந்தது. ஹெர்டிஸ் எங்கள் நடுவில் உட்கார்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள்.

நாலாம் மாடித் திருமதி லௌரிட்சன்தான் முதலில் வாயைத் திறந்தார். எங்கள் ஊரில் எல்லோரும் ஒருவரையொருவர் நீ என்று கூப்பிட ஆரம்பித்த பிறகும் நீங்கள் என்பதை விடாத ஒரே ஆள் அவர். "தலைவர் அவர்களே, நான் ஐம்பது வருஷமா வெளியில போய்க் குளிச்சுப் பழகினவ. வீட்டுக்குள்ள குளிச்சா எனக்கு ஜலதோஷம் பிடிக்குங்க."

"நடந்து போறது உடம்புக்கு நல்லது," என்றாள் ரிக்கே. ஆறு மாதக் குழந்தையைச் சமையலறைத் தொட்டியில் கழுவிக்கொண்டிருந்தவள் அவள்.

தோர்கில் என்னைப் பார்த்தார். "பியார்னே, நீயே குழாய்க்காரன். நீ சொல்லு."

நான் வாழ்க்கையில் தொழில் விஷயத்தில் சொன்ன ஒரே பொய் அதுதான். எழுந்து நின்று, "எங்க பக்கம் தரையில சரிவு போதாது. கழிவு தேங்கிப்போகும்," என்றேன். உட்காரும்போது காது சுட்டது. தொழில் சொல்லிக் கொடுத்த மனிதர் மட்டும் அங்கே இருந்திருந்தால் குறட்டாலேயே தலையில் ஒன்று போட்டிருப்பார்.

"ஹெர்டிஸ்?"

அவள் பின்னலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "மத்தவங்களுக்கு வேண்டாம்னா எனக்கும் வேண்டாம்."

தோர்கில் எழுதிக்கொண்டார். பிறகு இறைச்சி உருண்டையும் உருளைக்கிழங்கும் பியரும் வந்தன. எல்லோரும் வழக்கத்துக்கு மேல் குடித்தோம்.

ஒருமுறை சொன்ன பொய்யை மறு வருடமும் சொல்லத்தானே வேண்டும்? ஆறாவது விஷயம் வரும், திருமதி லௌரிட்சனுக்கு ஜலதோஷம் வரும், என் தரையில் சரிவு போதாமல் போகும். தோர்கிலுக்குப் புரியவே இல்லை. "உங்க படிக்கட்டுல என்னதான்யா வியாதி?" என்று ஒரு வருடம் கேட்டேவிட்டார்.

இதற்குள் அக்கம்பக்கத்துக் கட்டடங்களில் குளியலறைகள் வந்துகொண்டிருந்தன. குளியல்கூடத்துக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். இருநூறு ஆடத் தொடங்கியது. நாங்கள் வாரம் இரண்டு முறை குளிக்க ஆரம்பித்தோம். யாரும் கூடிப் பேசி எடுத்த முடிவில்லை. ஒரு புதன்கிழமை நான் துண்டோடு இறங்கினேன், எதிரே திருமதி லௌரிட்சன் ஈரத்தலையோடு ஏறி வந்தார். வெள்ளிக்கிழமை தவிர வேறு நாளில் அவர் தலை ஈரமாக இருந்து நான் பார்த்ததில்லை.

"இன்னைக்குப் புழுக்கமா இருக்கில்லீங்களா, குழாய்க்காரரே?" என்றார். அது நவம்பர் மாதம்.

பக்கத்துப் பேட்டையான வால்பியில் இருந்த என் தம்பியின் வீட்டில் தொட்டியும் ஷவரும் ஆக நல்ல குளியலறை இருந்தது. அவன் எங்களைப் பார்க்க வரும்போதெல்லாம் கையில் ஒரு சீட்டைத் திணித்து, "போய்க் குளிச்சிட்டு வா, அப்புறம்தான் சாப்பாடு," என்பேன். என் மனைவி வீட்டார் எங்களைக் கொஞ்சம் பைத்தியம் என்று நினைத்தார்கள்.

எண்பத்தொன்பதாம் வருடம் பிப்ரவரியில் திருமதி லௌரிட்சன் குளியல்கூடத்திலிருந்து திரும்பி வரும் வழியில் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்தார். வலது மணிக்கட்டு முறிந்தது. எழுபத்தெட்டு வயது. அது அவருடைய இரண்டாவது குளியல், புதன்கிழமைக் குளியல்.

அதே வாரம் ஹெர்டிஸின் சமையலறைக் குழாய் ஒழுக ஆரம்பித்தது. மாலையில் பையோடு போனேன். சமையலறைச் சுவரில் பெரிய துத்தநாகத் தொட்டி ஒன்று சாய்ந்திருந்தது, அடிப்பக்கம் இன்னும் ஈரமாக. அடுப்பில் மூன்று கெண்டிகள். ஏகோன் நாற்காலியில் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டிருந்தான். பட்டறையில் குனிந்து குனிந்து போன முதுகு, இரண்டு வருடமாக அவனால் தெருமுனையைத் தாண்ட முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். அவன் எப்படிக் குளிக்கிறான் என்று யோசித்ததில்லை. ஊரெல்லாம் குளிப்பாட்டிவிட்டு வந்த ஹெர்டிஸ், வீட்டில் கெண்டி கெண்டியாகச் சுடவைத்துச் சுமந்து அவனைக் குளிப்பாட்டியிருக்கிறாள்.

குழாய்க்குக் கீழே இருந்த கழுவுதொட்டியின் அடியில் தலையை விட்டு வால்வைத் தேடினேன். கை ஒரு பொட்டலத்தில் பட்டது. செய்தித்தாளில் சுற்றி, சணலால் கட்டி, பார்த்த மாத்திரத்தில் வடிவம் தெரிகிற பொட்டலம். என் தொழில் அது. பிரித்தேன். வெந்நீரையும் பச்சைத்தண்ணீரையும் கலந்து தரும், குரோமியம் பூசிய கலப்புக் குழாய், கைஷவர் வைத்தது, ஒரு கீறல் இல்லாமல் புத்தம் புதிது. செய்தித்தாளின் தேதி 1978, ஜனவரி.

நான் அடியிலிருந்து வெளியே வந்தேன். "ஹெர்டிஸ், இது என்ன?"

அவள் முகம் முன்கையைப் போலச் சிவந்தது. "வை அதை. தள்ளுபடியில வந்துச்சு, வாங்கினேன்."

"குளியலறை இல்லாம ஷவர் குழாயா?"

"வரும்னு நெனைச்சேன். அந்த வருஷம் எல்லாரும் கை தூக்குவீங்கன்னு நெனைச்சு முன்னாடியே வாங்கி வச்சேன்." பொட்டலத்தை என் கையிலிருந்து வாங்கி மறுபடி சுற்ற ஆரம்பித்தாள். "உங்க யாருக்கும் வேண்டாம். அந்தக் கிழவிக்கு ஜலதோஷம். உனக்குச் சரிவு இல்லை. சரி, செலவுக்குப் பயப்படுறாங்க, வெளிய சொல்ல வெட்கப்படுறாங்கன்னு விட்டுட்டேன். நான் ஒருத்தி கேட்டு எல்லாரையும் இழுத்துவிடணுமா?"

"உனக்கு வேணுமா?"

"இவனுக்காக வாரம் ரெண்டு தடவை இந்தத் தொட்டியைத் தூக்கறேனே, ஆசைக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. ஏகோன் என்னை முறைத்தான். "அவ அழுதுட்டு இருக்கா, நீ சிரிக்கிற?"

"நான் அழலை," என்றாள் ஹெர்டிஸ்.

பிறகு சொன்னேன். இருநூற்றுப் பத்தொன்பதிலிருந்து தொடங்கி, வால்பித் தம்பி வரைக்கும் எல்லாவற்றையும். சொல்லிக்கொண்டே போகப் போக அவள் கையில் சணல் நின்றுவிட்டது.

"எனக்காகவா?"

"உன் வேலைக்காக."

"அந்தப் புதன்கிழமைக் குளியல் எல்லாம்?"

"ஆமா."

"ஐயோ கடவுளே!" பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். "நான் ஏகோன்கிட்ட சொல்லிச் சொல்லி மாஞ்சேன். இந்த ஜனங்களுக்கு என் கூடத்து மேல என்ன ஆசை பாருடா, வாரம் ரெண்டு தடவை வர்றாங்க, இவங்களுக்கு வீட்ல குளியலறை எதுக்குன்னு." சட்டென்று எழுந்தாள். இப்போது உண்மையான கோபம். "பதினோரு வருஷம்! என் வேலையைக் காப்பாத்தறேன்னு பச்சைக் குழந்தைகளைத் தொட்டியில கழுவினீங்க. அந்தக் கிழவி கையை ஒடைச்சிக்கிட்டா. ஒருத்தர், ஒரே ஒருத்தர் என் கதவைத் தட்டிக் கேட்டிருக்கக் கூடாதா?"

"நீ கேட்டியா?"

அவள் சணலை இழுத்து முடிச்சுப் போட்டாள். நான் குழாய்க்கு வாஷர் மாற்றினேன். வேலை முடிந்ததும் காபி ஊற்றிக் கொடுத்தாள்.

"இருநூறுக்குக் கீழ போயிடும்," என்றாள், என்னிடமும் இல்லாமல் ஏகோனிடமும் இல்லாமல்.

"போயிடும்," என்றேன்.

"அம்பத்தஞ்சு வயசு. எனக்கு இதைத் தவிர வேற ஒண்ணும் தெரியாது."

ஏகோன் கோப்பையைச் சுற்றிக்கொண்டிருந்தான். "என் முதுகுக்காக வேலையை விட்டேன்னு பின்னாடி சொல்லக் கூடாது."

"உன் வேலை போனப்ப நான் ஏதாவது சொன்னேனா?"

"இல்லை. 'அடுத்த ஆள்'னு சொன்னே."

அவள் அவன் தோளில் ஒன்று வைத்தாள். கொஞ்சம் பலமாகவே. அவன் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

மார்ச் மாதக் கூட்டத்தில் தோர்கில் ஆறாவது விஷயத்தைப் படித்துவிட்டு, பேனாவைக் குறிப்பேட்டில் வைத்துப் பாதி வரியை எழுதியேவிட்டார். "முதல் படிக்கட்டில் யாரும்..."

"நிறுத்து," என்றாள் ஹெர்டிஸ். அன்று அவள் பின்னலைக் கொண்டுவரவில்லை. எழுந்து எங்கள் பக்கம் திரும்பினாள். "எனக்குக் குளியலறை வேணும். பதினோரு வருஷமா வேணும். என் வேலை போனா போகட்டும், அதை நான் பார்த்துக்கறேன். உங்க யாருக்கும் அதைப் பார்த்துக்கற வேலை கெடையாது. இப்ப ஒவ்வொருத்தரா உண்மையைச் சொல்லுங்க."

பதினோரு வருடப் பழக்கம் அவ்வளவு லேசில் விடுமா?

மணிக்கட்டில் கட்டோடு உட்கார்ந்திருந்த திருமதி லௌரிட்சன் தொண்டையைச் சரிசெய்தார். "திருமதி க்விஸ்ட், நான் ஏற்கெனவே சொன்ன மாதிரி, வீட்டுக்குள்ள குளிச்சா எனக்கு..."

"உங்க முதுகை முப்பது வருஷமா தேய்ச்சிருக்கேன்," என்றாள் ஹெர்டிஸ். "அது பொய் சொல்லும்போது எப்படி வெறைக்கும்னு எனக்குத் தெரியும். இப்ப வெறைச்சிருக்கு."

நிலவறையே சிரித்தது. திருமதி லௌரிட்சன் நல்ல கையால் வாயை மூடிக்கொண்டார். சிரிக்கிறாரா என்று பார்த்தேன், அழுதுகொண்டிருந்தார்.

"அப்புறம் இந்தக் குழாய்க்காரன். சரிவு போதாதாமே? எந்த வருஷமாவது அப்படி இருந்துச்சா?"

"இல்லை."

"ஒரு தடவைகூட?"

"முதல் வருஷமே அளந்தேன். தாராளமா இருக்கு."

"எழுதிக்கோ தோர்கில், இவன் தாராளமா இருக்குன்னு சொன்னான்."

தோர்கில் எழுதிய பாதி வரியை அடித்துவிட்டு மேலே எழுதினார். அந்த அடித்தல் குறிப்பேட்டில் இன்றும் இருக்கிறது. கை தூக்கச் சொன்னபோது பத்து வீட்டின் கையும் ஒன்றாக எழுந்தது. திருமதி லௌரிட்சன் கட்டுப் போட்ட கையைத் தூக்கினார்.

அந்தக் கோடையில் பின்படிக்கட்டை உடைத்து இறக்கினோம். முற்றத்தில் நூறு வருட நிலக்கரித் தூசு பறந்தது. குழாய் வேலை முழுவதும் நானே செய்தேன், உதவிக்கு வேறு ஒருவனை வைத்துக்கொண்டு. ஒவ்வொரு குளியலறையும் நீளம் ஒன்றரை மீட்டர், அகலம் அதற்குச் சற்றுக் குறைவு. கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி வைத்தால்தான் ஒரு ஆள் உள்ளே நிற்க முடியும். தரையின் சரிவை மட்டும் ஒவ்வொரு மாடியிலும் மூன்று முறை அளந்தேன். பொய்க்குப் பரிகாரம். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது, எந்த வீட்டிலும் ஒரு கரண்டித் தண்ணீர் தேங்கியதில்லை. ஹெர்டிஸின் பழைய குழாய்க்கு அளவு ஒத்துவரவில்லை. இணைப்பு ஒன்றைக் கடைந்து போட்டுப் பொருத்தினேன். புதிதாக ஒன்று வாங்கித் தருகிறேன் என்றதற்கு அவள் ஒத்துக்கொள்ளவில்லை.

குளியல்கூடம் மறு வருடம் ஈஸ்டருக்கு முன் மூடப்பட்டது. கடைசி வாரம் வந்தவர்கள் நூற்று எழுபது பேர். எண்ணி எழுதியது ஹெர்டிஸ்தான்.

அவள் அதிகம் பயந்தது அதற்குப் பிறகு வரும் திங்கட்கிழமைக்குத்தான். ஆனால் அந்தத் திங்கட்கிழமை அவள் தொழிற்சங்கக் கட்டடத்தில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தாள். சங்கத்துக்காரியும் நகராட்சிக்காரனும் ஒரு பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தார்கள். புதிதாகக் கட்டிய நீச்சல் குளத்துக்குக் கண்காணிப்பு ஆட்கள் வேண்டும். ஆறு மாதப் பயிற்சி, பயிற்சிக் காலத்திலும் சம்பளத்தில் பெரும்பங்கு வரும். ஒரே ஒரு சிக்கல்: முப்பத்திரண்டு வருடம் தண்ணீரிலேயே வேலை பார்த்த ஹெர்டிஸுக்கு நீந்தத் தெரியாது.

ஐம்பத்தாறு வயதில், இடுப்பில் தக்கைப் பட்டை கட்டிக்கொண்டு, ஏழு வயதுப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று கற்றுக்கொண்டாள். மாலையில் மூக்கு சிவக்க வீடு திரும்புவாள். "இன்னைக்கு பன்னெண்டு மீட்டர்," என்று படியிலிருந்தே சொல்லுவாள். பத்து வீட்டுக் கதவுக்கும் கேட்கும். தண்ணீருக்கடியிலிருந்து ஆளைத் தூக்கும் தேர்வில் தேறிய அன்று திருமதி லௌரிட்சன் நாலு மாடி இறங்கி வந்து கிரீம் கேக் ஒன்றைக் கொடுத்தார். பெட்டியின் மேல் "திருமதி க்விஸ்ட் அவர்களுக்கு" என்று எழுதியிருந்தது. அறுபத்தேழு வயதுவரை அங்கே வேலை பார்த்தாள். பார்த்து முடித்த பிறகு ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "இந்த ஊரு ஒரு நாள்கூட என்னைத் தரையில விழ விடலை பியார்னே. கீழ இருந்து மேல தள்ளினது நீங்க, மேல இருந்து பிடிச்சது சங்கமும் நகராட்சியும். நான் நடுவுல கத்திக்கிட்டு இருந்ததுதான் மிச்சம்."

ஏகோன் அந்தக் குளியலறையில் பதினாலு வருடம் குளித்தான். நான் சுவரில் ஒரு கைப்பிடியும் மடக்குப் பலகையும் வைத்துக் கொடுத்திருந்தேன். கடைசி மாதங்களில் நகராட்சியிலிருந்து உதவிக்கு ஆள் வருவார்கள். அவர்களுக்கு எப்படி முதுகு தேய்ப்பது என்று ஹெர்டிஸ் கதவருகில் நின்று சொல்லிக்கொடுப்பாள்.

ஒன்றைச் சொல்ல விட்டுவிட்டேன். முதலில் எங்களுக்கு இருந்தது பரணில் ஒரே ஒரு வெந்நீர்த் தொட்டி, பத்து வீட்டுக்கும் அதுதான். குளியலறை வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, கூடத்துக்கு விடுமுறை நாள், நான் என் சொந்த ஷவரின் கீழே, வாழ்க்கையில் முதல்முறையாக மணி பார்க்காமல் நின்றுகொண்டிருந்தேன். குழாயில் மூன்று தட்டு கேட்டது. டொக், டொக், டொக். இரும்புக் குழாய் வழியாக ஏறி வந்தது அது. நான் சோப்புக் கையோடு சிரித்துக்கொண்டு, மீதி ஐந்து நிமிடத்தில் முடித்து வெளியே வந்தேன். மற்ற வீடுகளிலும் அன்று அப்படித்தான் நடந்ததாம். முதல் மாடியில் நின்று தண்ணீர் ஓடும் சத்தத்தை வைத்தே எந்த மாடியில் யார் குளிக்கிறார்கள், எத்தனை நிமிடம் ஆயிற்று என்று ஹெர்டிஸ் கண்டுபிடித்துவிடுவாள். குளியல்கூடத்தில் கேட்டு வாங்கி வைத்திருந்த ஒரு சாவியின் மரக்கட்டையால்தான் தட்டுவாள். அவள் தட்டியதால் கடைசியில் குளித்தவருக்கும் வெந்நீர் மிச்சம் இருந்தது.

பத்து வருடம் கழித்துப் பெரிய தொட்டி வந்தது. நாள் முழுக்க வெந்நீர். தட்டு மட்டும் நிற்கவில்லை.

எங்கள் படிக்கட்டில் இப்போது பழைய ஆட்கள் நானும் ரிக்கேயும் ஹெர்டிஸும்தான். மற்ற வீடுகளில் கணினி வேலை பார்க்கிறவர்கள், மருத்துவர் ஒருவர், சமையற்காரர் ஒருவர். ஒரு காலத்தில் யாரும் குடிவர விரும்பாத தெருவில் ஒரு வீடு காலியானால் பெயர் எழுதிக்கொண்டு வருடக்கணக்கில் காத்திருக்கிறார்கள். போன மாதம் நாலாம் மாடிக்கு, திருமதி லௌரிட்சன் இருந்த வீட்டுக்கு, சில்யே என்று ஒரு பெண் குடிவந்தாள். குளியலறை சின்னதாக இருக்கிறது என்று அவளுக்குக் குறை. இருந்துவிட்டுப் போகட்டும். அதைக் குறைசொல்ல முடிகிற அளவுக்கு ஊர் வளர்ந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷம்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் என் கதவைத் தட்டினாள், தலையில் துண்டைச் சுற்றியபடி.

"பியார்னே, நீதான் குழாய் வேலை பார்த்தவன்னு சொன்னாங்க. என் ஷவர்ல ஏதோ கோளாறு. குளிக்கிறப்ப குழாய்க்குள்ள சத்தம் வருது."

"எப்படி?"

"மூணு தடவை டொக் டொக்னு. ஒவ்வொரு தடவையும் வருது. காத்து அடைச்சிருக்கா?"

"குளிக்க ஆரம்பிச்சு எவ்வளவு நேரம் கழிச்சு வருது?"

அவள் யோசித்தாள். "பார்க்கலை. ஒரு கால் மணி நேரம் இருக்கும்."

ஹெர்டிஸுக்கு இந்தக் குளிர்காலத்தில் எண்பத்தொன்பது முடிகிறது. வாரம் இரண்டு நாள் நகராட்சியிலிருந்து ஒரு பெண் வந்து குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள். மற்ற நேரம் சமையலறையில் குழாய்க்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள், மரக்கட்டை மடியில்.

"குழாய் சரியாத்தான் இருக்கு," என்றேன். "உனக்கு இன்னும் அஞ்சு நிமிஷம் இருக்குன்னு அர்த்தம்."

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் அடுத்த ஆள். கீழ போய் முதல் மாடி இடப்பக்கக் கதவைத் தட்டு. உன் பேரைச் சொல்லு. துண்டை எடுத்துட்டு முதுகைக் காட்டச் சொன்னா பயப்படாதே."